ஓடாத மாதங்கள்

செப்ரெம்பர் பிறந்து வெயில் சற்றுச் சூடேறினால் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வார இறுதி முழுவதும் புல்வெட்டிகளின் இரைச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னர் அந்த இரைச்சல் அயல்வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் விதி. எட்டு மணி ஆனதும் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின்கள் உயிர்பெறும். சில வளவுகளில் மட்டும் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாகவே நேரம் போகும். இழுக்கிறவர் வேர்த்து நிமிர்ந்து, வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லும் வசனமும் பெரும்பாலும் ஒன்றுதான். "மே மாதம் கடைசியா வெட்டேக்க நல்லா ஓடினது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கை வைக்கேல்லை."

ஒருத்தரும் கை வைக்கவில்லை என்பதைத் தன் பக்க நியாயமாக அவர் சொல்கிறார். எஞ்சின் தெரிந்தவர்களுக்கு அதுதான் நோயின் பெயர். குளிர்காலத்தில் புல் வளர்வது அநேகமாக நின்றுவிடும், மிசின் கொட்டிலுக்குள் போய்விடும். அப்படி நிற்கிற மாதங்களில்தான் அது பழுதாகிறது. ஓடித் தேய்ந்த எஞ்சின்களை விட நின்று கெட்ட எஞ்சின்களைத்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறோம் என்று, இந்த வேலையில் கை அழுக்கான எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த எஞ்சினில் மர்மம் ஒன்றும் இல்லை. 1952இல் சிட்னியின் கொன்கோர்ட் பகுதியில் மேர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர், புல் வெட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு உதவியாக வீட்டுக் கராஜில் ஒரு மிசின் செய்தார். கைக்கு அகப்பட்ட பழைய இரும்புத் துண்டுகள், படுக்கை வாட்டில் பூட்டிய ஒரு வில்லியர்ஸ் எஞ்சின், பெற்றோல் தாங்கியாகப் பீச் பழம் அடைத்து வந்த தகரப் பேணி. அவருடைய நடுப்பெயரிலிருந்து விக்டா என்ற பெயர் பிறந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் கலைஞர்கள் புல்வெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அரங்கில் வலம் வந்தார்கள். அந்த அளவுக்கு இந்த நாட்டின் வீட்டு வாழ்க்கையோடு அது ஒட்டிப்போனது. எனக்கு அந்தப் பேணிதான் பெரிசு. தாங்கி கார்புரேற்றருக்கு மேலே இருந்தால் போதும், பெற்றோல் தன் பாரத்தில் தானே இறங்கும். பழப் பேணியே போதும் என்ற அளவுக்கு எளிமையான இயந்திரம் இது. காற்று, பெற்றோல், பொறி, அவற்றை நெருக்கிப் பிடிக்க ஒரு பிஸ்டன். இவ்வளவுதான் அது கேட்பது.

தண்ணீர்கூடக் கேட்பதில்லை. காரில் உள்ள ரேடியேற்றரும் குழாய்களும் இதில் இல்லை. உள்ளே எரியும் வாயு ஒரு கணத்துக்கு 2000 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அதைச் சுற்றி நிற்கும் அலுமினியம் 660 பாகையில் உருகும். இரண்டுக்கும் நடுவில் காவலாக இருப்பவை மெல்லிய எண்ணெய்ப் படலமும் காற்றும்தான். மேலே சுழலும் பிளைவீலில் வார்த்திருக்கும் இதழ்கள் வெளிக்காற்றை உறிஞ்சி, மூடியின் உட்புறத்தால் திருப்பி, சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களின் இடுக்குகளால் ஊதித் தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் செக்கனுக்கு 50 தடவை அந்த இதழ்கள் சுற்றி வருகின்றன. சூட்டை உண்டாக்குகிற ஓட்டமே குளிர்ச்சியையும் உண்டாக்குகிறது. 1953இல் அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் பாரம் குறைந்த அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்தச் சின்ன எஞ்சின் சாதாரண வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. (2008இல் விக்டாவையே அந்த நிறுவனம் வாங்கிவிட்டது.)

மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. கழற்றினால் செதில்களின் இடுக்கில் காய்ந்த புல்லும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகியிருப்பதைக் காணலாம். சில வேளை எலி கூடு கட்டியிருக்கும். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் மிசினுக்குள்ளும் இது நடக்கும். காற்று போகாத பக்கம் மட்டும் சூடு ஏறி, சிலிண்டர் கோணி, வால்வு சரியாக மூடாமல் போகும். எண்ணெய் கருகும். இதில் வெப்பமானி இல்லை, எச்சரிக்கை விளக்கு இல்லை. ஓட்டுகிறவரின் கண்ணும் காதும் மூக்கும்தான் அதற்குள்ள அளவுக் கருவிகள். அவர் கவனிக்காவிட்டால் எஞ்சின் தன் பாட்டில் ஓடி, ஒரு நாள் நின்றுவிடும்.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின்களைத் திருத்தியவர். இங்கே ஓய்வுபெற்ற பிறகு அயலவர்களின் புல்வெட்டிகளைப் பார்த்துக் கொடுக்கிறார். அண்ணை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் எஞ்சின் படித்தது பொருளாதாரத் தடைக்காலத்தில். 1990க்குப் பிறகு இலங்கையின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. மோட்டார் சைக்கிளும் இறைக்கும் மிசினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் தொடக்குவதற்கு மட்டும் பெற்றோல். சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததில் நாலைந்து சொட்டு விட்டு, உதைத்து, சூடேறும்வரை எஞ்சினை அணையாமல் பிடித்து, அதன் பின்னர் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். மண்ணெண்ணெய் பிளக்கைக் கரியாக்கும், எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீராக்கும். ஆகவே அடிக்கடி கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். புதுப் பிளக்குக்கு எங்கே போவது?

அண்ணை ஒரு மிசினைக் கண்டதும் ஸ்பனரைத் தூக்கமாட்டார். முதலில் கொண்டுவந்தவரோடு கதைப்பார்.

"கடைசியா எப்ப ஓடினது, தம்பி?"

"மே மாதம் அண்ணை."

"உள்ளுக்க நிக்கிற பெற்றோல் எப்ப அடிச்சது?"

"அதுவும் அப்பத்தான்."

"நீர் நிப்பாட்டினீரோ, தானா நிண்டதோ? கல்லு, வேர் ஏதாலும் அடிச்சதோ?"

அந்தக் கேள்விகளுக்குள் பாதி வேலை முடிந்துவிடும். நாமாக நிறுத்தியது பிறகு எடுக்கவில்லை என்றால் நின்ற காலத்தில் என்ன நடந்தது என்று தேட வேண்டும். கால்மணி நேரம் ஓடித் தானாக நிற்கிறது, ஆறவிட்டால் மீண்டும் எடுக்கிறது என்றால் பெற்றோல் தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. எதிலாவது மோதி நின்றது என்றால் அது வேறு பாதை. நம்மில் கனபேர் செய்வது இதற்கு எதிர்மாறு. எஞ்சின் எடுக்கவில்லை என்றதும் கண் விலை கூடிய பாகத்தின் மேல் போகிறது. கார்புரேற்றரை மாற்று, கொயிலை மாற்று என்று இணையத்தில் வரவழைத்துவிடுகிறோம். மலிவான கேள்வியிலிருந்து தொடங்குவதற்குப் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமைக்குத்தான் எங்களிடம் பஞ்சம்.

கேள்விகள் முடிந்தால் பிளக்கைக் கழற்றுவார். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறி இல்லை, அல்லது அளவுக்கு மிஞ்சி வந்து மூழ்கிவிட்டது. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவேயில்லை. கரி பிடித்திருந்தால் காற்றுக் குறைவு. எயார் ஃபில்ற்றரைப் பார்க்க வேண்டும். காய்ந்த பிளக் என்றால் அந்தத் துளைக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு, பிளக்கை இறுக்கி, கயிற்றை இழுப்பார். ஒரு தடவை குமுறி ஓடி அணைந்தால் பொறி சரி, நெருக்கம் சரி, வால்வு சரி. குற்றம் பெற்றோல் வரும் வழியில். பெற்றோல் இல்லாத ஊரில் உயிர்பிழைக்கக் கற்ற வித்தை, பெற்றோல் மலிந்த ஊரில் நோய் அறியும் வித்தையாக வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கார்புரேற்றரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. பெரும்பாலும் ஒரேயொரு திருகாணிதான் அதைப் பிடித்திருக்கும். மாதக்கணக்காக நின்ற பெற்றோலில் இலேசான பகுதி பறந்துபோய், மிச்சம் மஞ்சளாகி, பலாப்பழப் பால் விரலில் பிடிப்பதுபோல அடியில் பிடித்திருக்கும். இங்கே பலரும் அடிக்கிற ஈ10 பெற்றோலில் பத்து வீதம் வரை எத்தனோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் பெற்றோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய்த் தங்கும். எஞ்சின் உறிஞ்சும் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. நடுத்தண்டில் உள்ள பித்தளை ஜெற்றின் துளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அண்ணை மின்வயர்த் துண்டொன்றை உரித்து அதிலிருந்து ஒரு செப்பு இழையை எடுப்பார். இரும்புக் கம்பியை விடவே மாட்டார். பித்தளை மெது, இரும்பு உரசினால் துளை மயிரளவு பெருக்கும், பெருத்தது பிறகு பழைய அளவுக்கு வராது. இழையை ஓட்டுவார், கிளீனர் அடிப்பார், மறுபடி வெளிச்சத்துக்குப் பிடிப்பார். பொட்டு வட்டமாகத் தெரியும்வரை பூட்டமாட்டார். இதில் பெரிய துளை திறந்து, மெதுவோட்டத்துக்கான இன்னும் சின்னத் துளை திறக்காமல் இருந்தால், எஞ்சின் எடுக்கும், ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையும். பலர் அதை வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் குற்றம் என்று நினைத்து ஸ்பிரிங்கை வளைக்கிறார்கள். கவர்னர் பாவம், குறைவாக வரும் பெற்றோலை ஈடுகட்ட அது வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

மோதிய மிசினின் கதையையும் சொல்லவேண்டும். ஒரு இளம்பிள்ளை கொண்டுவந்த மிசின். பிளக்கில் பொறி அடிக்கிறது, பெற்றோல் வருகிறது, நெருக்கமும் இருக்கிறது. எடுக்கவில்லை. இழுத்தால் கயிறு கையைத் திருப்பி உதைக்கிறது. யூகலிப்ரஸ் மரத்தின் வேரில் பிளேட் மோதி நின்ற மிசின் அது. அண்ணை முதலில் பிளக் வயரைக் கழற்றினார். பிளேட்டுக்குக் கிட்டக் கை கொண்டுபோகிற எவரும் முதலில் செய்யவேண்டியது அதுதான். பிறகு மூடியையும் பிளைவீலையும் கழற்றினார். தண்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டில் கிடக்கும் மீன்முள்ளைவிடப் பெரிதல்லாத ஒரு மெது உலோகச் சாவி. அது பாதி அறுந்திருந்தது. பிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சாவிதான் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் பிடித்திருப்பது தண்டின் கூம்பும் மேலே இறுக்கிய நட்டும். சாவி செய்வது இடம் காட்டும் வேலை. பொறி எந்தக் கணத்தில் விழவேண்டுமோ அந்தக் கணத்துக்குப் பிளைவீலின் காந்தம், பொறி தரும் கொயிலைக் கடக்கச் செய்வது அது. சாவி சில பாகை நழுவினால் பொறி வரும். நேரம் தப்பி வரும். எல்லாம் இருந்தும் எஞ்சின் ஓடாது. சில டொலர் பெறாத சாவியைப் போட்டு, கொயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே கால் மில்லிமீற்றர் இடைவெளி வைத்துப் பூட்டியதும் அது ஓடியது. பிளேட்டையும் இறுக்கினார். பாரம் குறைந்த பிளைவீல் உள்ள மிசின்களில் பிளேட்டின் சுழற்சியும் சேர்ந்துதான் எஞ்சினை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகிறது. பிளேட் தளர்ந்தாலே கயிறு உதைக்கும்.

மற்றவையெல்லாம் சிறு விஷயங்கள். எண்ணெய் அரை லீற்றருக்குச் சற்று மேல்தான் கொள்ளும். புது எஞ்சினில் முதல் ஐந்து மணி நேரத்திலும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவதும் மாற்ற வேண்டும். மிசினைச் சரிக்கும்போது எயார் ஃபில்ற்றர் மேற்பக்கம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அதற்குள் இறங்கி வெள்ளைப் புகை கக்கும்.

அண்ணை தன் சொந்த மிசினில் ஒவ்வொரு தடவையும் வெட்டி முடிந்ததும் பெற்றோல் வரும் திருகைப் பூட்டிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுவார். பிறகு புல்லைச் சுரண்டுவார், செதில்களைத் தூரிகையால் தட்டுவார். அவருடைய மிசின் பழையது. ஒரு நாள் கேட்டேன். "ஏன் அண்ணை இவ்வளவு மினைக்கெடுறியள்? பழுதானா புதுசு வாங்கலாம்தானே." அவர் நிமிராமலே சொன்னார். "வாங்கலாம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

அந்தப் பதில் என்னைக் கனகாலம் யோசிக்க வைத்திருக்கிறது. தடைக்காலத்தில் அவர் கிண்ணத்தைத் துடைத்தது கட்டாயத்தால். ஒரு ஜெற் கெட்டால் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை, அந்தக் குடும்பத்துக்கு வருமானம் இல்லை. மாற்று இல்லை என்ற அச்சம் எல்லாருக்கும் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தது. அந்த அச்சம் போன நாளில் எங்களில் பெரும்பாலோர் பழக்கத்தையும் கைவிட்டோம். பராமரிப்பு என்பது இல்லாமையின் குணம், வசதி வந்தால் கழற்றி வைக்கவேண்டிய பழைய உடுப்பு என்று நாங்கள் எண்ணிவிட்டோம். அவர் அப்படி எண்ணவில்லை. கிண்ணத்தைத் துடைப்பதற்கு அவருக்குப் பற்றாக்குறை என்ற காரணம் தேவைப்படவில்லை. எஞ்சின் அவர் கையில் இருக்கிறது, அதற்கு இன்னது வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஆகவே செய்கிறார். மாற்று இருக்கும்போதும் ஒன்றை மாற்றில்லாதது என்று நடத்துவதற்கு மனம் வேண்டும். தேவை விரட்டாத இடத்தில்தான் ஒருவருடைய கவனம் முழுக்க அவருடையதாகிறது.

இதில் புகழ் கிடையாது. திருத்துகிறவருக்கு நன்றி கிடைக்கும். நின்ற எஞ்சின் ஓடுவதை எல்லாரும் காண்கிறார்கள். நிற்கவிடாமல் காத்தவருக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. நடக்காத ஒன்றுதான் அவர் செய்த வேலை. எங்கள் முன்னோர் இதை விளங்கியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் குழுக்களில் ஏரி வாரியம் என்று ஒன்றைச் சொல்கிறது. கரை உடைந்த பிறகு ஓடிவந்து அடைக்கும் கூட்டத்தை நம்பி அந்த ஊர் இருக்கவில்லை. உடையாத ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கு ஆளைத் தேர்ந்தெடுத்து, பொறுப்பை ஆண்டுக்காண்டு கைமாற்றி, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தது. கவனத்துக்கு ஒரு நாளும் ஒரு ஆளும் குறித்து வைக்காவிட்டால் அது நடக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பற்றரியில் ஓடும் புல்வெட்டிகள் இப்போது வந்துவிட்டன. புகை இல்லை, சத்தம் குறைவு, நல்லதுதான். பெற்றோல் எஞ்சினின் காலம் மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் லிதியம் பற்றரியையும் முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்காகக் கொட்டிலில் போட்டால் அது கெடும். பிளேட்டிலும் அடித்தட்டிலும் புல் அப்படியேதான் ஒட்டும்.

மாநகரசபை பெரிய குப்பைகள் எடுக்க வரும் வாரங்களில் எங்கள் தெருக்களின் ஓரத்தில் புல்வெட்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன. சக்கரம் நல்லது, பிளேட் நல்லது, கயிறு இழுபடுகிறது, பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அவற்றில் பலவற்றுக்குத் தேவை கிண்ணத்தைக் கழற்றித் துடைக்கும் அரைமணி நேரம் மட்டுமே. உங்கள் வீட்டு மிசினும் அந்த வரிசைக்குப் போகவிருந்தால், தள்ளிக்கொண்டு போகுமுன் பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதுப் பெற்றோல் ஊற்றுங்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மூடியின் துளையைப் பாருங்கள், அந்தச் சின்னத் திருகாணியைத் திறந்து ஜெற்றை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வரும் மே மாதம் கடைசித் தடவை வெட்டி முடிந்ததும் பெற்றோல் திருகைப் பூட்டி, அது தானாக அணையும்வரை பக்கத்தில் நில்லுங்கள். ஐந்து நிமிடம் பிடிக்கும்.